அன்ஈஸி ரிஜிஸ்தர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் வரைக்கும் பங்காரம்மா மில்லில் ஒருவருக்கும் அன்ஈஸி கிடையாது. பயம் இருந்தது. மேஸ்திரியைக் கண்டால் பயம், சங்கு ஊதிய பிறகு கேட்டுக்கு வந்து சேர்ந்தால் பயம், கோடையில் பைக்காரா அணையில் தண்ணீர் இறங்கிக் கரண்டைக் குறைத்தால் அன்றைய வேலை போய்விடுமே என்று பயம். ஆனால் இவையெல்லாம் வெறும் தமிழ்ப் பயங்கள். இவற்றுக்கு ரிஜிஸ்தர் இல்லை, படிவம் இல்லை, மேற்பார்வை இல்லை. தொழிலாளி தன் பயத்தைத் தானே சுமந்துகொண்டு வந்து, சாயங்காலம் தானே சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனான். இவ்வளவு பெரிய சரக்கு நிர்வாகத்தின் கண்ணில் படாமல் தினமும் கேட்டைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

இந்தக் குறையைப் போக்க வந்தவர் பாலகோபால். மில்லின் முதல் வெல்பேர் ஆபீசர். சென்னைக்காரர், வயது இருபத்தாறு. பம்பாயில் மூன்று மாதம் பயிற்சி பெற்றவர். மில் விபத்துகளில் பாதிக்கு மேல் இயந்திரத்தால் வருவதில்லை, தொழிலாளியின் மனசால் வருகிறது என்று அங்கே ஒரு வெள்ளைக்கார நிபுணர் ஒரு நாள் பூராவும் பேசியிருக்கிறார். காரணம் பிடிபடாத கலக்கம் ஒன்று, நாலு பேர் நடுவில் இருப்புக்கொள்ளாமல் தவிப்பது ஒன்று, இரண்டும் சேர்ந்ததற்கு அவர் வைத்த பெயர் அன்ஈஸி. பாலகோபால் அதை நோட்டில் எழுதி, அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்கு ரயிலேறினார்.

அப்போது மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் பகுதியில், ஓடுகிற பெல்ட்டுக்கு மூடி கிடையாது. அந்த வருஷத்தில் மட்டும் இரண்டு பேருக்கு விரல் போயிருந்தது. முதலாளி சென்னகிருஷ்ணன் தன் தாயார் பெயரில் மில் நடத்துகிறவர், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி அறியாதவர். பாலகோபால் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப வெரலு போனது பெல்ட்டுனால இல்லீங்களா?"

"இல்லை சார். அன்ஈஸியால்."

"மூடி போடோணும், மூடி போடோணும்னு பிட்டரு ரெண்டு வருசமாக் கேட்டுட்டே இருக்கறாருங்க. நீங்க சொல்றதுக்கு என்னங்க வேணும்?"

"ஒரு ரிஜிஸ்தர் இருந்தால் போதும் சார்."

"நெம்ப நல்லதுங்க. ரிஜிஸ்தரே போட்டுருங்க."

இனி பாலுசாமியைச் சொல்ல வேண்டும். அவன் ஏழு வருஷமாகப் பதிலி. நிரந்தர ஆள் யாராவது வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்தில் அன்றைக்கு மட்டும் நிற்கிறவனுக்குப் பதிலி என்று பெயர். காலை ஐந்தரை மணிக்கு அறுபத்தொரு பதிலிகளும் கேட்டில் வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி வந்து விரலை நீட்டுவார். நீட்டப்பட்டவன் உள்ளே போவான், மற்றவன் வீட்டுக்குப் போவான். பாலுசாமிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமம். கிணறு வற்றிப்போய், தன் பங்கு நிலத்தை அண்ணன் தம்பிதுரைக்கே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவன். திரும்பிப் போக இடமில்லை. தீபாவளிக்கு முன்னால் எட்டுப் பதிலிகளை நிரந்தரமாக்கப் போவதாக அறிவிப்பு வந்திருந்தது. மூப்புப் பட்டியலில் அவன் பெயர் மூன்றாவது. மூன்றாவதாக இருக்கிறவனுக்கு உண்டாகிற பயம் அறுபதாவதாக இருக்கிறவனுக்கு உண்டாகாது. அவன் சரியாகத் தூங்கியே ஒரு மாதம் ஆகியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து கேட்டுப் பலகையில் ஒரு நோட்டீசு ஒட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ். ஆபீசு குமாஸ்தா சீனிவாசலு அதைப் படித்துச் சொன்னார். "ஒவ்வொரு பதிலியும் வெல்பேர் ஆபீசர்கிட்டப் போயி, தனக்கு அன்ஈஸி உண்டா இல்லையான்னு சொல்லோணும். அவ்வளவுதானுங்க."

"அப்படின்னா என்னங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

சீனிவாசலு அகராதியைப் பார்த்துவிட்டு வந்து ஐந்து நிமிஷம் விளக்கினார். யாருக்கும் பிடிபடவில்லை. பாலுசாமியோடு ஏழு வருஷமாக அதே வரிசையில் நிற்கிற முஸ்தபாதான் அதைத் தெளிவாக்கினான். அவன் உக்கடத்துக்காரன், வாய் சும்மா இராதவன்.

"புதுசாக் கண்ணாலம் ஆயி மாமனாரு ஊட்டு விருந்துக்குப் போற. பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கெல்லாம் கறி வெக்கறாங்க. உன்னைய மறந்துபோட்டாங்க. கேக்கவும் முடியாது, எந்திரிச்சுப் போகவும் முடியாது. அல்லாரும் உன்னையவே பாக்கற மாதர இருக்கும். அப்ப வவுத்துக்குள்ள ஒண்ணு கெடந்து பொரளும் பாரு, அதுதான்."

எல்லாருக்கும் பளிச்சென்று புரிந்துவிட்டது. படிப்பில்லாத ஜனங்களுக்கு வார்த்தை விளங்கவில்லை, அதனால்தான் இத்தனை குளறுபடியும் என்று பிற்பாடு நிர்வாகம் சொல்லிக்கொண்டது. சுத்தப் பொய். அகராதி எழுதினவருக்குக்கூட அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்காது.

விவகாரம் வேறு இடத்தில் இருந்தது. பெரிய மனிதர் ஒருவர் வாய் திறந்து கேட்டால் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வது அந்தச் சீமையில் பழக்கமில்லை. பெண் கேட்டு வந்தவரிடம்கூட யாரும் இல்லை என்பதில்லை. 'பாக்கலாமுங்க' என்பார்கள். வந்தவரும் புரிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டு மரியாதையாகப் போய்விடுவார். இதைப் பம்பாயில் சொல்லித் தரவில்லை.

பாலுசாமியின் முறை வந்தது. பாலகோபால் கதவைச் சாத்தினார். பேனாவைத் திறந்தார். புன்னகை செய்தார். ஆபீசர் ஒருவர் சிரிப்பதை அவ்வளவு பக்கத்தில் பார்த்திராத பாலுசாமி ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"பாலுசாமி, உங்களுக்கு அன்ஈஸி உண்டா?"

"ஆமாங்க."

"எவ்வளவு காலமாக?"

"நீங்க சொன்னாச் செரிங்க."

"வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே இருக்குமா?"

"இருக்குமுங்க."

"மிஷினில் நிற்கும்போதும் வருமா?"

மிஷினில் நிற்கும்போது பாலுசாமிக்கு ஒரு பயமும் கிடையாது. எதிரே இருநூறு நூற்புக் கதிர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். எங்காவது நூல் அறுந்தால் கண் பார்ப்பதற்குள் விரல் போய் ஒட்டிவிட்டு வந்துவிடும். உலகத்திலேயே அவன் நிம்மதியாக இருக்கிற இடம் அது ஒன்றுதான். அதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் தோன்றியது. ஆனால் படித்தவர், இவ்வளவு தன்மையாகக் கேட்கிறார், அவர் வாய்ச்சொல்லை எப்படித் தட்டுவது.

"வருமுங்க" என்றான்.

அறுபத்தொரு பேரும் இதையே சொன்னார்கள். ரிஜிஸ்தரில் அறுபத்தொரு வரிசையிலும் அன்ஈஸி ஏறியது. பாலகோபாலுக்குத் தலைகால் புரியவில்லை. ஜில்லாவின் மில்காரர்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் அவரைப் பேச அழைத்தார்கள்.

"கனவான்களே, நான் ஒருவரைக்கூட மிரட்டவில்லை" என்று அவர் பேசினார். "ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, கதவைச் சாத்தி, எதிரில் நிற்கவைத்து, கையில் பேனாவுடன் அன்பாகக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் ஒப்புக்கொண்டார்கள். சிலர் கண் கலங்கினார்கள். ஒருவர் நான் இன்னும் கேட்காத கேள்விக்கும் ஆமாம் என்றார். நிர்வாகத்தின் மீது எவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒரு தொழிலாளி இப்படி மனசைத் திறப்பான் என்று எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு நூறு. பம்பாயில்கூட எழுபதைத் தாண்டவில்லை."

நீண்ட நேரம் கைதட்டினார்கள். மறுநாள் காலை மில்லில் இரண்டாவது நோட்டீசு ஏறியது. அன்ஈஸி உள்ளவர்கள் மிஷினைத் தொடக் கூடாது. அன்றைக்கு நிரந்தர ஆட்களில் நாற்பது பேர் வரவில்லை. பதிலிகளை விட்டால் ஓட்ட ஆளில்லை. பத்து மணிக்கு மில்லில் பாதி நின்றுவிட்டது. பதினொரு மணிக்கு மூன்றாவது நோட்டீசு வந்தது. அன்ஈஸி உள்ளவர்கள் மிஷினைத் தொடலாம். ஆனால் அன்ஈஸியோடு வேலை செய்த நாள் எதுவும் நிரந்தரத்துக்குக் கணக்கில் வராது. குணமாகும் வரையில் எட்டு இடங்களும் நிறுத்தி வைக்கப்படும்.

அதைக் கேட்டபோதுதான் பாலுசாமிக்கு அன்ஈஸி நிஜமாகவே வந்தது. அதுவரை அது மரியாதைக்காகச் சொன்ன ஒன்றுதான். சோறு இறங்கவில்லை. கேட்டில் நிற்கும்போது, யாரோ பின்னாலிருந்து பார்த்துக் கணக்கெடுப்பதாகத் தோன்றித் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அப்படிப் பார்த்ததையும் சீனிவாசலு குறித்துக்கொண்டார்.

நிர்வாகம் அத்தோடு விட்டுவிடவில்லை. வைத்தியமும் செய்தது. பஞ்சு சாம்பிள்கள் வைத்திருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, அன்ஈஸி நிவாரண அறை என்று பலகை மாட்டினார்கள். உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஊட்டி ஏரிப் படம் போட்ட காலண்டர். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பதிலியும் ஆபீசருக்கு எதிரே நாற்காலியில் பத்து நிமிஷம் இயல்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆபீசர் முன்னால் நாற்காலியில் உட்காருவது மில் ஆரம்பித்த நாளிலிருந்து நடவாத காரியம். சீனிவாசலு கைக்கடிகாரத்தோடு மூலையில் நிற்பார். அவர் கையிலிருந்த அட்டையில் வியர்வை, எச்சில் விழுங்குதல், காலாட்டுதல் என்று மூன்று பத்தி.

"இயல்பாக இருங்கள்" என்பார் பாலகோபால்.

"செரிங்க" என்று சொல்லிப் பாலுசாமி எழுந்து நிற்பான்.

"உட்கார்ந்துகொண்டே இயல்பாக இருங்கள்."

அடுத்த வாரம் பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார்கள். தட்டில் கோப்பை எத்தனை தடவை கிணுகிணுக்கிறது என்று எண்ணினார்கள். பாலுசாமிக்கு முப்பத்துநாலு. அதற்கு அடுத்த வாரம் பாலகோபால் தம் ஆராய்ச்சியில் ஒரு பெரிய எட்டு எடுத்து வைத்தார். இந்தப் பக்கத்து ஆட்கள் பேசும்போது எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுகிறார்களே, அந்த 'ங்க'தான் அன்ஈஸியின் மூலக்குறி என்று கண்டுபிடித்தார். பத்து நிமிஷம் ஒரு 'ங்க'கூட இல்லாமல் ஆபீசரோடு மழையைப் பற்றிப் பேச வேண்டும் என்று உத்தரவாயிற்று. லட்சுமணசாமி என்ற பதிலி பத்து நிமிஷமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். அவனுக்கு 'மிகவும் முற்றியது' என்று எழுதினார்கள். பாலுசாமி, "மழை வரும்" என்று ஆரம்பித்தான். அப்பா காலத்திலிருந்து யாரும் பேசாத மாதிரிப் பேசிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். நிஜமாகவே ரத்தம் வந்துவிட்டது. வெளியே வரும்போது கதவருகே நின்று, "தப்பா நெனச்சுக்காதீங்க, மழை வருமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

கடைசிப் பரீட்சை பரீட்சை என்றே தெரியாமல் வந்தது. சீனிவாசலு பதிலிகளை ஒவ்வொருவராகக் கேன்டீன் பின்புறம் அழைத்துப் பீடி கொடுப்பார். "நமக்குள்ள இருக்கட்டும், மனசுல பட்டதச் சொல்லு" என்பார். முஸ்தபா அந்த நாற்காலியைப் பற்றியும் காலண்டரைப் பற்றியும் நாலு வார்த்தை வேடிக்கையாகச் சொன்னான். சீனிவாசலுவும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் அது அட்டையில் இருந்தது. இரண்டு வாரம் மேஸ்திரியின் விரல் முஸ்தபா பக்கம் நீளவே இல்லை. அதற்குப் பிறகு முஸ்தபா யாரோடும் பேசுவதில்லை. கேட்டில் நின்றால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பாலுசாமியிடம் மட்டும் வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டொரு பேச்சு.

ஐப்பசி பிறந்தது. முதலாளியே உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கடைசியாக ஒரு தடவை கேட்கப் போகிறார், அதோடு எட்டு இடமும் முடிவாகும் என்றார்கள். பாலுசாமியின் மனைவி குழந்தையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஏனுங்க, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வர்றதுக்கு இத்தனை பாடா?"

"வாயில வர மாட்டேங்குது அம்மணி."

"நாங் கேக்கறன், என்கிட்டச் சொல்லுங்க. உங்குளுக்கு அன்ஈஸி இருக்குதுங்களா?"

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆபீசர் மாதிரி நின்றாள். பாலுசாமி அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஆமாங்க" என்றான்.

குழந்தையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோய் அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பழனாத்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி, அவள் புருஷனும் பதிலிதான், ஊருக்கே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து குழந்தையம்மாள் விடவில்லை. கறிவேப்பிலைக்காரி வந்தால், "நீங்களே போயி இல்லைன்னு சொல்லுங்க" என்று அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் நிற்கிற இடத்துக்கு அனுப்பினாள். அங்கே நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிப் பழகிக்கொண்டு வரச் சொன்னாள்.

அவன் போய் நின்றான். வெயிலில் ஒரு பெரியவர் மூட்டையோடு வந்தார். "ஏனுங்க, இது பொள்ளாச்சி வண்டிங்களா?" என்றார். அது பொள்ளாச்சி வண்டிதான். பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டு, "இல்லீங்க" என்றான். பெரியவர் அவனை நம்பி அப்படியே ஒதுங்கி நின்றார். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. பாலுசாமி அவர் மூட்டையைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸின் பின்னால் குளக்கரை வரை ஓடி, நிறுத்தி, அவரை ஏற்றிவிட்டு வந்தான். இருந்தாலும் வார்த்தை வாயில் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உதட்டுக்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

அந்த நாள் வந்தது. நீள மேஜைக்குப் பின்னால் சென்னகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் பாலகோபால், ஓரத்தில் ரிஜிஸ்தரோடு சீனிவாசலு. முதல் இரண்டு பேரும் போய் ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மூன்றாவதாகப் பாலுசாமியைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கும் தனக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எப்படிக் கடந்தான் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை.

"பாலுசாமி, அன்ஈஸி இன்னும் இருக்கிறதல்லவா?" என்றார் பாலகோபால்.

"இல்லீங்க."

சீனிவாசலு நிமிர்ந்து பார்த்தார். பாலகோபாலின் புன்னகை அங்கேயே நின்றது.

"யோசித்துச் சொல்லுங்கள். ஆனி மாதம் இருக்கிறதென்று நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

"இல்லீங்க."

"இங்கே நிற்கும்போதுகூட இல்லையா?"

"இல்லீங்க."

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு வந்துவிடும்போல் இருந்தது. சென்னகிருஷ்ணன் மெல்ல முன்னால் சாய்ந்தார்.

"என்ற மொகத்தப் பாத்துச் சொல்லுங்க கண்ணு. என்னையக் கண்டா உங்குளுக்கு ஒண்ணுமே தோணுலீங்களா?"

அவ்வளவு மிருதுவான குரலைப் பாலுசாமி வாழ்நாளில் கேட்டதில்லை. உயிரே போய்விடும்போல் பயந்தான். ஆனால் வாயில் வேறு வார்த்தை மிச்சமில்லை.

"இல்லீங்க" என்றான்.

முதலாளி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பாலுசாமி அந்த அறையிலேயே இல்லாத மாதிரி பாலகோபால் பக்கம் திரும்பிப் பேசினார்.

"ஆபீசரு, நீங்க படிச்சவுரு. நான் மில்லு ஓட்டறவன். பயப்படறவன் மிசின்ல நிக்கட்டும், அவன் எங்கீயும் போக மாட்டான், எதுவும் கேக்க மாட்டான். பயப்படாதவன மட்டும் மிசினுப் பக்கம் விடக் கூடாதுங்க. இன்னைக்கு எனக்குப் பயப்படலைன்னு சொல்லுவான், நாளைக்கு சங்கம் வெக்கறன்னு சொல்லுவான், அடுத்த நாளு பெல்ட்டுக்கு மூடி எங்கடான்னு கேப்பான். அவனுக்கு நாம என்ன பண்ணோணும்? ஒரு நாற்காலி போட்டுக் குடுத்துரோணும். உக்காந்துட்டான்னா அப்பறம் எந்திரிக்கறதுக்குப் பயந்துக்குவான். நீங்க இந்த ரிஜிஸ்தரத் தூக்கிட்டு அலையறீங்களே, அத இவுருகிட்டக் குடுத்துருங்க. இன்னையிலிருந்து இவுரு நெரந்தரம்."

பிறகு பாலுசாமியைப் பார்த்து, "செரிங்களா கண்ணு?" என்றார்.

மிஷினிலேயே நின்றுகொள்கிறேன் என்று சொல்லப் பாலுசாமிக்கு ஆசையாக இருந்தது. பழகி வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அவனுக்குப் பின்னால் போனவர்கள் எல்லாரும் ஆமாங்க என்றார்கள், மற்ற ஏழு இடமும் நின்றபடியே நின்றன. குழந்தையம்மாள் அன்றைக்கு வெல்லம் போட்டுப் பொங்கி அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்தாள். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. ரிஜிஸ்தர் மேஸ்திரி என்று பாலுசாமிக்குப் பதவி. படிவத்தில் எழுதுவதற்கு அன்ஈஸி என்ற ஒரு வார்த்தையை மட்டும் இங்கிலீஷில் எழுதச் சீனிவாசலு கற்றுக்கொடுத்தார். திங்கட்கிழமை காலையில் பாலகோபால் அவனை நிவாரண அறைக்கு அழைத்துப் போய், தாம் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"பழையபடி எல்லாரையும் கேளுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நான் கேட்டபோது நூற்றுக்கு நூறு வந்தது. உங்களுக்கு அதற்குக் குறைந்தால் உங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்று அர்த்தம். கேட்கத் தெரியாதவருக்கு ரிஜிஸ்தர் எதற்கு? வெளியே வரிசையில் நின்றுகொள்ளலாம். நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். கதவு திறந்தே இருக்கட்டும்."

பாலுசாமி வீட்டிலிருந்து வரும்போதே ஒரு முடிவோடு வந்திருந்தான். எல்லாரையும் இல்லை என்று சொல்ல வைத்துவிட வேண்டும். ஆபீசர் மிரட்டட்டும். அறுபது பேரில் பத்துப் பேருக்காவது அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், இல்லை என்று எழுதிவிடலாம், முதலாளியே பார்த்துவிட்டுச் சரி என்றுவிடுவார். தனக்கு முடிந்தது மற்றவர்களுக்கு முடியாதா. முதல் பெயரே முஸ்தபாவுடையது. அவனிடமிருந்து ஆரம்பித்தால் தைரியமாக இருக்கும் என்று பாலுசாமிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முஸ்தபா உள்ளே வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"உக்காரு முஸ்தபா."

"இருக்கட்டுங்க."

ஊருக்கெல்லாம் 'ங்க' போட்டாலும் பாலுசாமியை மட்டும் வாடா போடா என்று பேசுகிறவன் முஸ்தபா. பாலுசாமி மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"டேய், நாந்தான்டா. இல்லைன்னு சொல்லு. ஒரே வார்த்தை. நான் எழுதிக்கறன்."

முஸ்தபா திறந்திருந்த கதவைப் பார்த்தான். ரிஜிஸ்தரைப் பார்த்தான். கேன்டீன் பின்புறத்தில் சீனிவாசலு பீடி கொடுத்தபோதும் குரல் இவ்வளவு தாழ்ந்துதான் இருந்தது.

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படிங்க" என்றான்.

"உன்னைய மாட்டிவுட மாட்டன்டா. என்னைய நம்பு. இல்லைன்னு சொல்லு."

"மூணு புள்ளைங்க இருக்குதுங்க எனக்கு" என்றான் முஸ்தபா. "நான் ஏதாச்சும் தப்பா பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க."

"முஸ்தபா."

பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் கதவுப் பக்கமாக வந்து நின்றது. பாலுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த அறைக்குக் கேட்கும்படிக் கேட்டான்.

"உங்குளுக்கு அன்ஈஸி உண்டுங்களா?"

"ஆமாங்க."

பாலுசாமி எழுதினான். முஸ்தபா, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வாசற்படி வரைக்கும் போனான். அவனைக் கூப்பிட்டு என்னவோ சொல்ல வேண்டும் என்று பாலுசாமி வாயைத் திறந்தான்.

"அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்றான்.